யார் சொன்னது என்று கேட்கும் புத்தகம்

1

மகளின் ஆய்வுக் கட்டுரை திரும்பி வந்தபோது அதன் ஓரமெல்லாம் பென்சிலால் ஒரே கேள்வி எழுதப்பட்டிருந்தது. 'ஒருவர் தன் வீட்டைப் படிப்பதற்குக் கொடுத்தார்' என்ற வரிக்கு எதிரே 'யார்?' என்று இருந்தது. 'ஒரு மாணவி வாவியைக் கடந்து வந்தாள்' என்ற வரிக்கு எதிரேயும் அதே 'யார்?'. 'ஓர் ஊரில்' என்பதற்குப் பக்கத்தில் மட்டும் ஒரு மாறுதலுக்கு 'எந்த ஊர்?' என்று கேட்டிருந்தார். கடைசிப் பக்கத்தில், அதைத் திருத்திய ஆசிரியை அழகான எழுத்தில் இரண்டு வரி எழுதியிருந்தார். எழுத்து நன்றாக இருக்கிறது, ஆனால் இது நடந்ததா, கற்பனையா என்று தெரியவில்லை, இப்படியே ஏற்றுக்கொள்ள முடியாது என்பது அதன் சாரம்.

நிலானி அழவில்லை. பதினைந்து வயதில் இந்த நாட்டுப் பிள்ளைகள் அழுவதற்குப் பதிலாகத் தோளை ஒருமுறை உயர்த்திவிட்டு அறைக்குள் போய்விடுவார்கள். இவள் போகவில்லை. குசினி மேசையில் என் முன்னால் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏனென்றால் அந்த 'ஒருவர்', 'ஓர் ஊர்', 'சிலர்' எல்லாம் அவள் எழுதியவை அல்ல. தமிழ்ப் பெயர்களின் எழுத்துச் சரிதானா பாருங்கள் என்று தந்த கட்டுரையில் நான் போட்ட திருத்தங்கள்.

2

கனடாவின் இந்தப் புல்வெளி மாகாணத்துக்கு நாங்கள் வந்து பன்னிரண்டு வருடம். கணவருக்குப் பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை. நிலானிக்குச் சின்னதிலிருந்தே மூச்சிழுப்பு. குளிர் காலம் தொடங்கினால் பள்ளிக்கூடம் பாதி, ஆஸ்பத்திரி பாதி. போன வருடம் வகுப்புக்குப் போன நாட்களைவிடப் போகாத நாட்கள் கூடிவிட்டன. பிறகு அவளே ஒருநாள், நான் வீட்டிலேயே படிக்கிறேன் என்றாள். இங்கே அதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. கல்விச் சபைக்கு அறிவித்து, வருடத்துக்கான திட்டத்தை எழுதிக் கொடுத்துவிட்டால் போதும். மேற்பார்வைக்கு என்று ஓர் ஆசிரியை வருடத்தில் இரண்டு முறை வீட்டுக்கு வந்து பார்ப்பார். எங்களுக்கு வாய்த்தவருக்கு என் தாயின் வயது இருக்கும். நிலானி அவரை 'லின்டா' என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். எனக்கு நாக்கு வராது. நான் 'டீச்சர்' என்பேன். அவர் ஒவ்வொரு முறையும் 'லின்டா' என்று திருத்துவார். நானும் 'சரி டீச்சர்' என்பேன்.

கணக்கு, விஞ்ஞானம் எல்லாவற்றுக்கும் புத்தகம் எடுத்தாயிற்று. கட்டுரையும் ஆய்வு எழுத்தும் என்ற பாடத்தில்தான் முட்டுப்பட்டோம். இந்தப் பாடத்துக்கு மட்டும் இத்தனை பாடத்திட்டம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஒன்று வீடியோவில் சொல்லிக் கொடுக்கும். ஒன்று வேதாகமத்திலிருந்து தலைப்புத் தரும். ஒன்றில் தினம் ஒரு பந்தி எழுத வேண்டும். ஆசிரியை எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்து, உங்கள் பிள்ளைக்கு இந்த இரண்டில் ஒன்று சரிவரும் என்று இரண்டின் மாதிரிப் பாடங்களை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

முதலாவதைத் திறந்ததும் எனக்கு ஊருக்குப் போனது போலாகிவிட்டது. முன்னுரை, மூன்று பந்தி, முடிவுரை. எந்தத் தலைப்புக் கொடுத்தாலும் அதே சட்டகம். நாங்கள் உயர்தர வகுப்பு வரைக்கும் எழுதியது இதைத்தானே. இந்தப் புத்தகத்தை நானே படிப்பிக்கலாம், ஆங்கிலத்தில் தடுமாறினாலும் அமைப்பில் தடுமாற மாட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன்.

நிலானிக்கு இரண்டாவது பிடித்தது. அதில் தலைப்பே கிடையாது. உனக்கு விடை தெரியாத ஒரு கேள்வியைத் தேர்ந்தெடு என்றுதான் முதல் பாடம் தொடங்குகிறது. பிறகு, அந்த விடயத்தை நேரில் அறிந்தவரைத் தேடு. அவரிடம் கேள். அவர் யார், எங்கே, எப்போது சொன்னார் என்பதைப் பக்கத்தின் அடியில் எழுது. இன்னொருவரிடம் தனியாகக் கேள். இருவரும் வேறு வேறாகச் சொன்னால் உனக்குப் பிரியமானவரின் பக்கம் சாயாமல் இரண்டையும் எழுது. பார்ப்பதற்கு மெல்லிய புத்தகம், சொல்வதெல்லாம் பொலிசுக்காரன் வேலை. எனக்குப் பிடிக்கவில்லை. அது ஏன் என்று அப்போது எனக்கே விளங்கவில்லை.

இருவரும் விட்டுக்கொடுக்காததால் ஆசிரியை ஒரு வழி சொன்னார். இரண்டாவது புத்தகத்தின் மாதிரிப் பாடத்தை வைத்து ஒரு கட்டுரை எழுதட்டும். அது சரிவந்தால் அந்தப் புத்தகம். சரிவராவிட்டால் அம்மா சொல்வது. திட்டம் சபைக்குப் போவதற்கு ஒரு மாதம் இருந்தது.

3

அவள் தேர்ந்தெடுத்த கேள்வி: போரால் பள்ளிக்கூடம் மூடியிருந்தபோது மட்டக்களப்பு நாவற்குடாவில் என் அம்மா எப்படிப் படித்தாள்?

இதைப் போய் என்ன கேள்வி என்றேன். உள்ளுக்குள் மகிழ்ச்சிதான். ஊர்ப் பேச்சு எடுத்தாலே டெலிவிஷன் சத்தத்தைக் கூட்டுகிற பிள்ளை, முதல் தடவையாகத் தானாகக் கேட்கிறாள். ரெக்கோடரை மேசையில் வைத்துவிட்டு, உங்கள் முழுப் பெயரைச் சொல்லுங்கள் என்று என்னிடமே கேட்டபோது சிரிப்பு வந்தது. சொன்னேன்.

எங்கள் பள்ளிக்கூடம் அப்போது அகதி முகாம். வகுப்பறைகளில் குடும்பங்கள் இருந்தன. உயர்தரச் சோதனை நடக்குமா என்றே தெரியாத நிலையில் நாங்கள் ஒன்பது பேர் என் கூடப்பிறந்த பெரியக்காவின் வீட்டில் கூடிப் படித்தோம். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு. மாப்பிள்ளை வந்து குடியேறுவார். பெரியக்காவுக்கும் கல்யாணத்துக்கு ஒரு வீடு எழுதிக் கொடுத்திருந்தார்கள். சுவர் பூசி முடியவில்லை, யன்னலுக்குக் கதவில்லை, ஆனால் வீட்டு உறுதிப் பத்திரம் அவள் பெயரில். அத்தான் வெளிநாட்டில் வேலையாக இருந்தார். பெரியக்கா படிப்பித்தவள் அல்ல, எட்டாம் வகுப்போடு நின்றவள். எங்களுக்கு நாங்களேதான் ஆசிரியர். வரலாறு ஒருத்தி படித்து வந்து சொல்வாள், புவியியல் ஒருத்தன் சொல்வான். எல்லோருக்கும் சேர்த்து ஒரு பாடத்துக்கு ஒரே ஒரு புத்தகம்தான் இருந்தது. பெரியக்கா அதன் தையலைப் பிரித்து, அத்தியாயம் அத்தியாயமாகத் தனித்தனியே தைத்துக் கொடுத்தாள். ஆளுக்கொரு துண்டு, கிழமைக்கொரு மாற்று.

இளம் வயதில் ஒன்பது பேர் ஒரு வீட்டில் கூடினால் அதற்கு அந்தக் காலத்தில் படிப்பு என்று பெயரில்லை, கூட்டம் என்றுதான் பெயர். அதனால் பெரியக்கா முற்றத்தில் நின்று மா இடிப்பாள். உலக்கைச் சத்தம் கேட்கும்வரை நாங்கள் படிப்போம். சத்தம் நின்றால் இராணுவ ரோந்து வருகிறது. துண்டுப் புத்தகங்கள் பாயின் கீழே போகும். நடுவில் தயாராக இருக்கும் பூக்கூடையை இழுத்துக் கோயிலுக்கு மாலை கட்டத் தொடங்குவோம். சோதனை வந்த நேரம் எங்களில் பாதிப் பேருக்குப் புவியியலைவிட மாலை கட்டுவது நன்றாக வந்தது.

நிலானி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப நீங்களும் ஹோம்ஸ்கூல்தானே அம்மா" என்றாள். அப்படி ஒருநாளும் நான் நினைத்துப் பார்த்ததில்லை.

பிறகு புத்தகம் சொன்னபடி, என்னை அறைக்குள் அனுப்பிவிட்டுப் பெரியக்காவுக்குத் தொலைபேசி எடுத்தாள். பெரியக்கா இப்போதும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். இவளுடைய கொச்சைத் தமிழும் அவளுடைய மட்டக்களப்புத் தமிழும் எப்படியோ ஒரு மணித்தியாலம் ஒன்றையொன்று விளங்கிக்கொண்டன. முடித்ததும் என்னை வெளியே கூப்பிட்டவள், மாலைக்கு நான் செவ்வரத்தம்பூ என்று சொன்னது பிழையாக இருக்கலாம், பெரியம்மா நந்தியாவட்டை என்கிறா என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. மாலை கட்டினது நானா அவளா? "ரெண்டையும் எழுதுறன்" என்று அவள் சொல்லிவிட்டாள். அந்தப் புத்தகத்தின் மேல் எனக்கு மரியாதை பிறந்தது அங்கேதான், கோபத்தோடுதான் பிறந்தது.

4

அவள் எழுதி முடித்ததை என்னிடம் தந்தாள். கூடப் படித்தவர்களில் நான் வாய்தவறிச் சொன்ன நான்கு பேரின் பெயர், ஊர், பெரியக்காவின் முழுப் பெயர், வீடு இருக்கும் வீதி எல்லாம் பக்கத்தின் அடியில் வரிசையாக இருந்தன. என் கை தன்பாட்டில் வேலை செய்தது. எழுத்துப் பிழை பார்க்க உட்கார்ந்த நான் பெயர்களை ஒவ்வொன்றாக அழித்து, அந்த இடங்களில் 'ஒருவர்', 'சிலர்' என்று தட்டினேன். அதை நேரே ஆசிரியைக்கும் அனுப்பிவிட்டேன். அதுதான் திரும்பி வந்தது.

"ஏன் அம்மா?" என்று அவள் கேட்டாள். சொல்ல வேண்டியதாகிவிட்டது.

எங்கள் ஒன்பது பேரில் ஒருத்தி நன்றாக எழுதுவாள். 'நான் கண்டு மகிழ்ந்த காட்சி' என்ற தலைப்புக்கு அவள் அறுவடையைப் பற்றி எழுதினாள். தோணியில் ஏறி வாவியைக் கடந்து கொக்கட்டிச்சோலைப் பக்கம் மாமாவின் வயல் வட்டைக்குப் போனது, வயல்வெளி முழுக்கக் கதிர் சாய்ந்து கிடந்தது, யார் யார் அரிவி வெட்டினார்கள், யார் களத்தில் சூடு மிதித்தார்கள், யாருடைய பகிடிக்கு எல்லோரும் சிரித்தார்கள், எல்லாம் பெயரோடு. வாசித்தால் அந்த மனிதர்கள் எழுந்து வருவார்கள். அந்தக் கட்டுரைக் கொப்பியோடு அவள் டவுனுக்குப் போகும் பாலத்தைக் கடக்கும்போது சோதனைச் சாவடியில் பையைக் கொட்டினார்கள். வாவிக்கு அந்தப் பக்கம் இயக்கத்தின் கை, இந்தப் பக்கம் இராணுவத்தின் கை என்று இருந்த காலம். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவன் அங்கே நின்றான். அடுத்த கிழமை அந்தக் கட்டுரையில் பகிடி சொன்ன மனிதர் டவுனுக்குச் சாமான் வாங்க வந்தபோது பெயர் கேட்டு நிறுத்திக்கொண்டார்கள். அவர் திரும்பி வந்தார். உயிரோடுதான் வந்தார். அதற்குப் பிறகு அவர் பகிடி சொல்லவில்லை.

அவள் பிறகு கட்டுரையே எழுதவில்லை. மற்ற நாங்கள் பெயரில்லாமல் எழுதப் பழகினோம். 'ஓர் ஊரில் ஒரு கோயில் இருந்தது. அங்கே ஒரு திருவிழா நடந்தது. சிலர் சென்றனர்.' இப்படிக் கட்டுரை எழுதித்தான் நான் தமிழில் அதிவிசேட சித்தி பெற்றேன். முன்னுரை, பொருளுரை, முடிவுரை எல்லாம் சரியாக இருந்தால் திருத்துகிறவருக்கு ஊரும் பேரும் தேவைப்படவில்லை.

நிலானி கடைசிவரை கேட்டாள். பிறகு, எனக்கு ஆறுதல் சொல்வாள் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, வேறொன்றைச் சொன்னாள். "யார் சொன்னது எண்டு நான் எழுதாட்டி, இதெல்லாம் நான் உண்டாக்கினது எண்டுதான் ஆக்கள் நினைப்பினம். நீங்க படிச்சதே நடக்காத மாதிரி ஆயிடும் அம்மா."

5

அவளே ஆசிரியைக்குத் தொலைபேசி எடுத்து விபரம் சொன்னாள். ஆசிரியை அன்று பின்னேரமே பனிக்குள் கார் ஓட்டிக்கொண்டு வந்தார். வருடத்துக்கு இரண்டு முறைதான் வரவேண்டியவர். வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் கேள்விக்குறி போட்டதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. அந்த மெல்லிய புத்தகத்தின் பிற்பகுதியைத் திறந்து நிலானியிடம் காட்டினார். தீங்கு வரக்கூடியவர்களின் பெயரை மறைக்கலாம். மறைத்ததை மறைக்கக் கூடாது, ஏன் மறைத்தாய் என்று எழுத வேண்டும். ஆனால் பெயர் சொல்லி, போய்க் கேட்கக்கூடிய சாட்சி ஒன்றாவது இருக்க வேண்டும். எழுதுகிறவரின் தாய் மட்டும் போதாது.

அந்தப் புத்தகத்தை எழுதியவர் யாரோ தெரியாது, எங்கள் பாலத்தைக் கடந்திராதவர் என்பது மட்டும் நிச்சயம். ஆனாலும் எங்களைப் போன்றவர்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறாரே என்று எனக்கு மனம் நிறைந்தது.

சிக்கல் என்னவென்றால், அந்த ஒரு சாட்சி பெரியக்கா. ஊரில் சமாதானப் பேச்சுவார்த்தை முறிந்து மறுபடியும் ஷெல் விழத் தொடங்கியிருந்தது. வடக்கே பனிச்சங்கேணிப் பக்கமிருந்து சனம் இடம்பெயர்ந்து வந்து, மறுபடியும் பள்ளிக்கூடங்களில் இருந்தது. பெரியக்காவின் வீட்டில் இப்போதும் பிள்ளைகள் வந்து படிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். கட்டுரை சரிவந்தால் வசந்த காலத்தில் பட்டண நூலகத்தில் வைப்பார்கள், சபையின் இணையத்தளத்திலும் போடுவார்கள். எங்கே போட்டாலும் எங்கேயோ ஒருவன் வாசிப்பான்.

முதல் புத்தகத்தையே எடுப்போம் என்று நிலானியிடம் சொன்னேன். ஐந்து பந்தியில் யாருக்கும் ஆபத்தில்லை. அவள் மாதிரிப் பாடத்தை மூடி ஆசிரியை கொண்டுவந்த உறைக்குள் திரும்ப வைத்தாள். அவள் சண்டை பிடித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். எழுத்தில் வருகிற ஆட்களை எல்லாம் இப்படி உறைக்குள் மூடி வைக்க இவளும் என்னைப் போலவே பழகிவிடுவாள் என்று தோன்றியது.

அடுத்த நாள் பெரியக்காவுக்கு நானே தொலைபேசி எடுத்தேன். உன் பெயர் வராது, பயப்படாதே, எல்லாவற்றையும் நிற்பாட்டிவிட்டேன் என்று சொல்லத்தான் எடுத்தேன்.

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் பிள்ளைகள் எதையோ சேர்ந்து வாசிக்கிற சத்தம் கேட்டது. யார் வாசிப்பார்கள், எங்கே வைப்பார்கள், இங்கத்தைய வெள்ளைக்கார டீச்சருக்கு நாவற்குடா எங்கே இருக்கிறதென்று தெரியுமா என்று ஒவ்வொன்றாக விசாரித்தாள். தெரியாது என்றேன்.

"அப்ப அவ எப்பிடிகா நம்புவா?" என்றாள்.

நம்பாவிட்டால் போகட்டும் என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. பெரியக்கா கோபித்தால் சத்தம் கூடாது, குறையும்.

"வந்து படிச்ச புள்ளைகள்ட பேர் ஒண்டும் எழுத வேணாம். அது அதுகள்ட பேர், நான் ஆரு குடுக்கிறதுக்கு. ஆனா ஊடு என்ட. உறுதியில என்ட பேர்தான் கிடக்கு. என்ட ஊட்டுக்க நடந்ததுக்கு நான்தான் பதில் சொல்லோணும். வேற ஆரு சொல்லுற? என்ட பேர முழுசா எழுதச் சொல்லு."

உனக்கு ஏதும் நடந்தால் என்று கேட்டேன்.

"அண்டைக்கு உலக்கைய நிப்பாட்டிப்போட்டுக் கடப்படியில போய் நிண்டு, ஆர்ர ஊடு எண்டு அவனுகள் கேட்டா என்ன சொன்னனான் எண்டு உனக்குத் தெரியாது. நீ உள்ளுக்கு மாலை கட்டிக்கிட்டிருந்த. என்ட ஊடு, என்ட பேர் இது எண்டுதான் ஒவ்வொருக்காவும் சொன்னனான். மறுகா இப்ப ஒரு பள்ளிக்கூடப் புள்ளைக்குச் சொல்லப் பயப்படுறதா?"

இத்தனை வருடமும் உலக்கைச் சத்தம் நின்றதைத்தான் நான் நினைவில் வைத்திருந்தேன். அது நின்ற பிறகு வாசலில் என்ன நடந்தது என்று ஒருநாளும் கேட்கவில்லை. நிலானியும் கேட்கவில்லை, அது அவளுக்குத் தெரியாதே. அவளைக் கூப்பிட்டுத் தொலைபேசியைக் கையில் கொடுத்தேன். ரெக்கோடரை எடுத்து வா, பெரியம்மா இன்னும் சொல்லி முடிக்கவில்லை என்றேன்.

6

கட்டுரையை அவள் முழுவதுமாகத் திரும்ப எழுதினாள். கூடப் படித்த எட்டுப் பேரின் பெயர் அதில் இல்லை. ஏன் இல்லை என்பதற்கு ஒரு பந்தி இருக்கிறது. பாலத்தில் கொட்டப்பட்ட ஒரு கொப்பியைப் பற்றி அதில் நான்கு வரி எழுதியிருக்கிறாள், அந்தப் பிள்ளையின் பெயர் இல்லாமல். செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் இரண்டும் இருக்கின்றன. இந்த முறை எழுத்துப் பிழை பார்க்க என்னிடம் தரவில்லை. தராதது நல்லதுதான்.

ஆசிரியை ஓர் இடத்திலும் பென்சில் வைக்கவில்லை. இரண்டாவது புத்தகத்துக்கு எழுதிப் போட்டோம், சபையும் திட்டத்தை ஏற்றுக்கொண்டது. நூலகத்தில் வைத்த அன்று மூவரும் போனோம். கணவர் தொழிற்சாலைச் சீருடையோடு நின்று, ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி வாசித்தார். நான் நேரே பக்கத்தின் அடிக்குத்தான் போனேன்.

எங்கள் ஆட்களின் முழுப் பெயரை அச்சில் கண்டால் இன்றைக்கும் எனக்குப் பயம்தான். மரண அறிவித்தலில் கண்டிருக்கிறேன். காணாமற்போனோர் பட்டியலில் கண்டிருக்கிறேன். அங்கே, ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையின் அடிக்குறிப்பில், இப்படி இருந்தது:

'இதைச் சொன்னவர் கந்தப்போடி சிவபாக்கியம். நாவற்குடாவில், தன் சொந்த வீட்டிலிருந்து, தொலைபேசியில் சொன்னார். மேலும் விபரம் வேண்டுமானால் அவரிடமே கேட்கலாம்.'